கல்ஃபான் நடந்த வழி

என் வீட்டு வாசலில், தண்ணீர்க் குழாய்க்கும் முருங்கை மரத்துக்கும் நடுவே, ஒரு பேரீச்சங்கன்று நிற்கிறது. அதை யாரும் நடவில்லை. எங்கிருந்து வந்தது என்று தெருவில் போகிறவர்கள் கேட்டால், என் காலோடு நடந்து வந்தது என்று சொல்கிறேன். மனைவி போய் ஆறு வருஷம், தனியாக இருந்து இருந்து மனுஷனுக்குப் பேச்சு இப்படி ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அவர்கள் போய்விடுகிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அவர்கள் வாதி சிம்ராவைப் பார்த்ததில்லை.

ஓமன் நாட்டின் உள்பகுதியில், ஒரு பக்கம் கல்மலையும் மறுபக்கம் முடிவில்லாத மணலுமாக இருந்த அந்தச் சிற்றூரில், கல்ஃபான் பின் நாசர் என்பவரின் வீட்டில் பத்தொன்பது வருஷம் கார் ஓட்டினேன். என் பெயர் சவரிமுத்து. அங்கே எல்லோருக்கும் சவரி. அவர்கள் பேசியது அரபி, ஆனால் பத்தொன்பது வருஷத்தில் அது என் காதில் விழும்போதே தமிழாகி விழப் பழகிவிட்டது. விழுந்தபடியே எழுதுகிறேன்.

நான் போய்ச் சேர்ந்த ஏழாம் வருஷம், குளிர்காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குள் போனவர்கள் தொழுது முடித்து வெளியே வந்தபோது, வாசலிலிருந்து தெருமுனை வரை மணலில் பதிந்து கிடந்த காலடிகளில் சிலவற்றில், குதிகால் அழுந்திய குழியின் நடுவே, கோரைப்புல் போல ஒற்றை இலையாய்ப் பேரீச்சை முளைத்திருந்தது. முளைத்ததைப் பார்த்து யாரும் மலைத்துப் போய்விடவில்லை. பேரீச்சை முளைப்பது அந்த ஊரில் ஒரு செய்தியே இல்லை. யார் தண்ணீர் ஊற்றியது என்பதில்தான் பேச்சு தொடங்கியது.

அந்தப் பேச்சு ஒரு மாதம் ஓடியது. பேரீச்சை மிதிபடக் கூடாது என்று இமாம் சொன்னார், அதனால் பெரிய மனிதர்களெல்லாம் வெள்ளை அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கன்றுகளுக்கு இடையே கொக்கு மாதிரி கால் வைத்துத் தொழப் போனார்கள். நகராட்சியிலிருந்து ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து, பொது வழியில் மரம் வைக்க அனுமதி வாங்கியது யார் என்று வீடு வீடாகக் கேட்டார். கேட்டுவிட்டு அவர் திரும்பிப் போன வழியிலும் ஒற்றை ஒற்றையாய் முளைத்திருந்ததைப் பார்த்து நோட்டை மூடி வைத்துக்கொண்டார். தோப்பு வைத்திருந்தவர்களுக்கு வேறு கவலை. தாய் மரத்தின் பக்கக் கன்றைப் பிரித்து வைத்தால்தான் ஜாதி மாறாமல் வரும், விதையில் வந்தது எந்த ஜாதி என்று காய்த்த பிறகுதான் தெரியும், பாதி ஆண் மரமாகப் போய்விடும், இதை நம்பி இடத்தை விட முடியுமா என்று அவர்கள் கஹ்வாக் காப்பி குடித்துக்கொண்டே வாதாடினார்கள். ஆடுகளுக்கு எந்தக் கவலையும் இல்லை. அவை தின்றன. தின்ற இடத்தில் மறுபடி முளைத்தது.

எந்தக் காலில் முளைக்கிறது, எந்தக் காலில் முளைக்கவில்லை என்று கேட்க முதலில் தோன்றியது முஸல்லமுக்குத்தான். முஸல்லம் கால் தடம் பார்ப்பவர். ஒட்டகம் தொலைந்தாலும் திருடன் வந்தாலும் மணலைப் பார்த்து இது இன்ன வீட்டு ஒட்டகம், இது இன்னாருடைய கால் என்று சொல்லும் வேலை அவர்கள் குடும்பத்துக்கு. தலைநகரத்துப் போலீஸ்கூட அவரை ஜீப் அனுப்பி அழைத்துப் போயிருக்கிறது. நான் பார்த்த காலத்தில் அவருடைய இரண்டு கண்ணிலும் வெள்ளைத் திரை விழுந்திருந்தது. குனிந்து உட்கார்ந்து விரலால் தடவித்தான் பார்ப்பார், ஆனால் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

அவர் பள்ளிவாசல் படிக்குக் கீழே உட்கார்ந்து ஒரு கன்றின் அடியைத் தடவினார்.

"இது ரொட்டிக்கடை ஹுமைத். வலது காலை இழுக்கிறான்."

அடுத்ததைத் தடவினார். "இது வாத்தியார் ரஷீத். பெருவிரல் தூக்கி இருக்கு. செருப்பு மாத்துப்பா, வாத்தியாரே."

மூன்றாவதைத் தடவிவிட்டுச் சிரித்தார். "இந்த மூணு பேரும் போன வாரம் ஒரே பெஞ்சில பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருந்தாங்க."

"எந்த பெஞ்சில?" என்று கேட்டார்கள்.

"ஆஸ்பத்திரி பெஞ்சில. சர்க்கரைக்கு ரத்தம் குடுக்க. நாலாவதா நான் உக்காந்திருந்தேன்." சொல்லிவிட்டு எழுந்து பத்தடி நடந்து, வந்து மறுபடி உட்கார்ந்துகொண்டார். மாலை அஸர் தொழுகைக்கு ஆட்கள் வந்தபோது அந்தப் பத்தடியிலும் பத்துக் கன்று நின்றது.

அன்றைக்கே ஊர் முழுவதும் விஷயம் தெரிந்துவிட்டது. ரத்தத்தில் சர்க்கரை ஏறியவர் நடந்தால் முளைக்கும். ஏறாதவர் நடந்தால் மணல் மணலாகவே இருக்கும். என் மனைவி ஞானப்பூவிடம் போனில் இதைச் சொன்னேன். "நம்ம ஊர்ல எறும்பு வரும், அங்க மரம் வருதாக்கும்" என்றாள். அப்புறம், "தண்ணி ஊத்தணுமா, அதுவா வளருமா?" என்று கேட்டாள். அதுவாகத்தான் வளர்கிறது என்றேன். "அப்ப நல்லதுதானே" என்று வைத்துவிட்டாள்.

ஆனால் வாதி சிம்ராவில் யாரும் அதை நல்லதாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே நோயைப் பற்றிப் பேசுவதில்லை. உடம்பு எப்படி என்று கேட்டால் இறைவனுக்குப் புகழ் என்று சொல்ல வேண்டும், அதற்கு மேல் கேட்பதும் சொல்வதும் மரியாதை இல்லை. அப்படி இருக்க, ஒவ்வொருவர் காலும் ஊருக்கெல்லாம் உண்மையைச் சொல்லிக்கொண்டு பின்னாலேயே வந்தால் என்ன செய்வது? பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்கள் காலையில் முற்றத்தைப் போய்ப் பார்த்தார்கள். கன்று நின்றால் பேச்சு நின்றது. ஆகவே ஊர் கூடிப் பேசாமலே, ஊர் முழுதும் ஒரே முடிவுக்கு வந்தது. மண்ணில் கால் வைப்பதில்லை.

முற்றங்களில் சிமெண்ட் போட்டார்கள். வாசலில் பளிங்கு போட்டார்கள். வீட்டுக்கு ஒரு கார் இருந்த இடத்தில் இரண்டு கார் வந்தது. பள்ளிவாசல் எங்கள் வீட்டிலிருந்து நூற்று இருபது அடி. கல்ஃபானைத் தினமும் ஐந்து வேளை அந்த நூற்று இருபது அடிக்கும் நான் காரில் கொண்டுபோனேன். அதில் ஒரு வித்தை இருந்தது. வீட்டுப் பளிங்குக்கும் கார்ப் படிக்கும் இடையே ஒரு சாணுக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. பள்ளிவாசல் படியிலும் அப்படியே. கால் பளிங்கிலிருந்து கம்பளத்துக்கும் கம்பளத்திலிருந்து பளிங்குக்கும் போக வேண்டும், நடுவில் மண் வரக் கூடாது. அந்த ஊரில் என்னைப் போல ஒட்டி நிறுத்த ஆள் இல்லை என்று எனக்கு ஒரு பெயரே உண்டாயிற்று. எனக்கு அதில் பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமையால் ஒரு மனிதரின் காலை நான்தான் தின்றுகொண்டிருந்தேன் என்று அப்போது தெரியாது.

ஏனென்றால் சர்க்கரை நடக்காதவரிடம்தான் தங்கும். கல்ஃபானின் அப்பா நாசர் ஒட்டகத்தின் பின்னால் ஒரு நாளுக்கு முப்பது மைல் நடந்தவர், மடியில் ஒரு பிடி பேரீச்சம்பழமும் தோல்பையில் பாலும்தான் அவருக்குச் சாப்பாடு. மகனும் அதே பேரீச்சம்பழத்தைத்தான் தின்றார், ஆனால் கூடவே சோறும், இறைச்சியும், டின் பால் ஊற்றிக் காய்ச்சிய டீயும், பாட்டில் சோடாவும் வந்திருந்தன, முப்பது மைல் மட்டும் போயிருந்தது. இப்படிக் காலை ஒளித்து வைத்த வருஷங்களில் ஊரில் எல்லோருக்கும் சர்க்கரை ஏறியது. ஏறியது யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் யாரும் மண்ணில் நடக்கவில்லை.

இது வெளியே வந்தது ஒரு சாவில். ஊரிலேயே மூத்தவர் ஒருவர் தன் தொண்ணூறு வயதில் தூக்கத்தில் போனார். உடல் வைத்த ஜனாஸாவைக் காரில் கொண்டுபோகும் வழக்கம் அந்த ஊரில் இல்லை. தோளில் தூக்க வேண்டும், தோள் மாற்றிக்கொண்டே நடக்க வேண்டும், கபரஸ்தான் என்கிற இடுகாடு ஊருக்கு வெளியே முக்கால் மைல் மணலில் இருந்தது. காரில் வருகிறேன் என்று சொல்ல ஒருவருக்கும் நா எழவில்லை. இருநூறு பேர் நடந்தார்கள். புதைத்துவிட்டு, குழி மூடி, துஆ ஓதி, திரும்பி நின்றார்கள்.

வந்த வழி பச்சையாக இருந்தது. எங்கள் ஊரில் நாற்றங்கால் முதல் வாரத்தில் எப்படி இருக்குமோ அப்படி, கபரஸ்தானிலிருந்து ஊர் வரை, ஒரு பாய் அகலத்துக்கு, நெருக்கமாக, காற்றில் ஒரே பக்கம் சாய்ந்துகொண்டு நின்றது. இருநூறு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யார் யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை. அப்போது சக்கர நாற்காலியில் வந்திருந்த கல்ஃபானின் அண்ணன் ஸைஃப், இரண்டு வருஷம் முன்பு சர்க்கரையில் முழங்காலுக்குக் கீழே இடது காலை எடுத்தவர், தன் பின்னால் திரும்பிப் பார்த்தார். சக்கரம் ஓடிய இரண்டு கோட்டிலும் எதுவும் முளைக்கவில்லை.

"பாத்தீங்களா, ஊர்லேயே ஆரோக்கியமான ஆள் நான்தான்" என்றார்.

முதலில் ரொட்டிக்கடை ஹுமைத் சிரித்தார். பிறகு வாத்தியார். பிறகு இறந்தவரின் மகன்களே சிரித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்தச் சிரிப்போடு ஒளிப்பது முடிந்துபோயிற்று. திரும்பும் வழியில் முஸல்லம் குனிந்து குனிந்து தடவி, இது இன்னார், இது இன்னார் என்று சொல்லிக்கொண்டே வர, அந்தந்த ஆள் கையைத் தூக்கி நான்தான் நான்தான் என்று ஒப்புக்கொண்டே நடந்தார்கள்.

ஓரிடத்தில் முஸல்லம் வெகுநேரம் தடவினார். அங்கே ஒரு காலடிக்கு ஒன்று இல்லை, ஐந்து ஐந்தாக நின்றது.

"இது கல்ஃபான்" என்றார். அதை மட்டும் அவர் சிரிக்காமல் சொன்னார்.

மறுநாள் கல்ஃபானை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் சூடான்காரர், மெதுவாகப் பேசுவார். செருப்பைக் கழற்றச் சொல்லி, உள்ளங்காலில் ஒரு நைலான் நரம்பால் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். இடது காலில் நாலு இடத்தில் கல்ஃபானுக்குத் தெரியவில்லை. தெரியாத இடத்தில் தொட்டபோதும் தெரிகிறது என்று சொன்னார். டாக்டர் தொடாமலே, இப்போது தெரிகிறதா என்று கேட்டார், அதற்கும் தெரிகிறது என்றார்.

"அண்ணனுக்கு எப்படித் தொடங்குச்சோ அப்படித்தான் உங்களுக்கும் தொடங்கியிருக்கு" என்றார் டாக்டர். "இன்னும் புண் வரல. அது உங்க அதிர்ஷ்டம். இப்படியே போனா ஒரு வருஷத்துக்குள்ள இந்தக் காலைப் பத்திப் பேச நீங்க என்கிட்ட வருவீங்க. மாத்திரை போடுங்க. நல்ல செருப்பு போட்டு நடங்க. ராத்திரி காலைப் பாருங்க. இனிப்பை விடுங்க."

"வீட்டுல விட்டுருவேன், டாக்டர். அடுத்தவர் வீட்டுல எப்படி விடறது?"

அதுதான் அங்கே கஷ்டம். விருந்தாளி வந்தால் முதலில் பேரீச்சம்பழமும் அல்வாவும், பிறகு கஹ்வா. கஹ்வாவை நிறுத்த வழி இருக்கிறது. குடித்த சின்னக் கோப்பையைக் கையில் இரண்டு ஆட்டு ஆட்டிக் கொடுத்தால் போதும் என்று அர்த்தம், ஊற்றுகிறவர் மனம் கோணாமல் போய்விடுவார். ஆட்டாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார். ஆனால் அல்வாவுக்கு அப்படி ஒரு சாடை கிடையாது. எத்தனையோ நூறு வருஷமாக அது தேவைப்படவில்லை. நெய்யும் குங்குமப்பூவும் பன்னீரும் மணக்க, தட்டு கைக்கு எதிரே வந்தால் எடுக்கத்தான் வேண்டும். அடுத்து வந்த ஈத் பெருநாளைக்குக் கல்ஃபான் பதினோரு வீட்டுக்குப் போனார். மாத்திரையும் போட்டுக்கொண்டார். பதினோரு வீட்டிலும் எடுத்தார்.

அன்று சாயங்காலம் அவருடைய மனைவி ஸுவைனா என்னைக் கூப்பிட்டார். கனத்த உடம்பு, கணீர்க் குரல், வீட்டில் எல்லா முடிவும் அவருடையது, ஆனால் கல்ஃபான் முடிவு செய்தது போலவே வெளியே வரும்.

"சவரி, காரை நாளையிலிருந்து வீட்டு வாசலுக்குக் கொண்டுவராதே. தெருமுனையில நிறுத்து."

"அர்பாப் திட்டுவார், அம்மா." முதலாளியை அங்கே அர்பாப் என்றுதான் கூப்பிடுவோம்.

"திட்டட்டும். திட்டறதுக்குத் தெருமுனை வரைக்கும் நடந்து வரணுமில்ல?"

கல்ஃபான் உள்ளிருந்து, "என்ன பேச்சு அங்கே?" என்றார்.

"ஒண்ணுமில்ல, அபூ மாஜித். நீங்க நாளைக்குக் காலையில உங்க அப்பாவோட கிணத்துக்கு நடந்து போறீங்க. அதைத்தான் சொல்லிட்டிருந்தேன்." மூத்த மகன் மாஜிதின் பெயரை வைத்துத்தான் அவர் கணவரைக் கூப்பிடுவார்.

நாசர் ஒட்டகங்களுக்காக வெட்டிய கிணறு அது. மணலுக்குள் ஆறு மைல். நாசர் போன பிறகு யாரும் அங்கே போனதில்லை.

"ஆறு மைல் நடக்க எனக்கென்ன பைத்தியமா?"

"நடக்கலன்னா ஒத்தைச் செருப்பு விக்கிற கடை எங்க இருக்குன்னு ஸைஃப்கிட்ட கேட்டு வைக்கிறேன்" என்றார் ஸுவைனா. குரல் கணீரென்றுதான் இருந்தது. ஆனால் சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார், போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. கல்ஃபான் என்னைப் பார்த்து, "காரைப் பின்னாலேயே கொண்டு வருவே இல்ல?" என்று கேட்டார்.

கொண்டுபோனேன். விடியற்காலை பஜ்ர் தொழுகை முடிந்ததும் அவர் கெட்டித் தோல் செருப்பைப் போட்டுக்கொண்டு முன்னே நடப்பார், நான் பத்தடி பின்னால் வண்டியை ஊர விடுவேன். முதல் நாள் இருநூறு அடி. கையைத் தூக்கினார், நிறுத்தினேன், ஏறிக்கொண்டார், வீடு வந்து சேர்ந்தோம். இரண்டாம் நாள் இருநூற்றுப் பத்து. மூன்றாம் நாள் நூற்றைம்பது. பத்து நாள் இப்படிப் போனது. பின்னால் குளிர்ந்த கார் ஒன்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வரும்போது எந்த மனுஷன்தான் நடப்பான்? தூரம் கூடவில்லை, கன்றும் குறையவில்லை. ஊருக்கு வெளியே இருநூறு அடிக்கு மட்டும் காடு மாதிரி அடர்ந்தது.

பதினோராம் நாள் நான் ஒரு காரியம் செய்தேன். என் வாழ்க்கையில் முதலாளி சொன்னதை மீறியது அந்த ஒரு நாள்தான். முந்தின சாயங்காலமே மணலில் கிணறு வரை போய், அரை மைலுக்கு ஒன்றாகத் தண்ணீர் பாட்டில் வைத்தேன். மயக்கம் வந்தால் உடனே இனிப்பு வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், ஒவ்வொரு பாட்டிலின் பக்கத்திலும் ஒரு டப்பாவில் ஒரே ஒரு பேரீச்சம்பழமும் வைத்தேன். காலையில் அவர் இருநூறு அடி நடந்து கையைத் தூக்கினார். நான் அவரைத் தாண்டிப் போனேன். ஐம்பது அடி தள்ளி நிறுத்தினேன். அவர் திட்டிக்கொண்டே வந்தார். வந்து கதவில் கை வைக்கும்போது மறுபடி ஐம்பது அடி ஓட்டினேன்.

"சவரி. நிறுத்து."

"கிணத்துல நிறுத்தறேன், அர்பாப்."

"உன்னை இன்னிக்கே ஊருக்கு அனுப்பறேன்."

"சரி, அர்பாப். கிணத்துக்கு வந்து அனுப்புங்க."

கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே, அவர் நின்றால் நின்றும் நடந்தால் நகர்ந்தும் ஓட்டினேன். இரண்டரை மணி நேரம். முதல் மைல் முழுக்கத் திட்டினார். இரண்டாம் மைலில் என் அப்பாவையும் திட்டினார். மூன்றாம் மைலில் பேச்சு நின்றது. நான்காம் மைலில் திரும்பிப் பார்த்தபோது அவர் நடக்கும் விதம் மாறியிருந்தது. கையை வீசாமல், உடம்பை முன்னால் சாய்த்து, ஏதோ ஒரு ஒட்டகத்தின் பின்னால் போகிறவர் மாதிரி. கிணற்றுக்கு வந்து, அதன் கல் விளிம்பில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி உள்ளங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புண் இல்லை. வழியில் வைத்த பேரீச்சம்பழம் பன்னிரண்டும் அவர் சட்டைப் பையில் இருந்தன. ஒன்றைக்கூடத் தின்னவில்லை. அவற்றை எடுத்து ஒவ்வொன்றாக எனக்குக் கொடுத்தார்.

"நீ தின்னு. உன் வாய்க்கு இனிப்புப் போடாம ஊருக்கு அனுப்பினா நல்லா இருக்காது."

தின்றேன். அவர் என்னை அனுப்பவில்லை. திரும்பும்போது கதவைத் திறந்து விட்டேன். ஏறி உட்கார்ந்து உடனே தூங்கிப்போனார். அவர் நடந்து வந்த வழியை ஜன்னல் வழியே பார்த்தேன். ஆறு மைலுக்கும், காலடிக்கு ஐந்தாக, முளைக்கத் தொடங்கியிருந்தது.

அதன் பிறகு அவர் தினமும் போனார். ஒரு மாதத்தில் ஐந்து நாலாகக் குறைந்தது. டாக்டரின் மாத்திரையும் வேலை செய்தது, ஸுவைனா சோற்றைக் கைப்பிடி அளவுக்குக் குறைத்ததும் வேலை செய்தது. ஆனால் அல்வாத் தட்டு நின்றபாடில்லை. அதற்கு வழி கண்டது ஸைஃப். ஒரு நாள் எங்கள் வீட்டு விருந்து அறையில் இருபது பேர் இருக்கும்போது அல்வாத் தட்டு அவரிடம் வந்தது. அவர் வெறும் கையை, விரல்களுக்கு நடுவே கோப்பை இருப்பது போல வைத்துக்கொண்டு, இரண்டு ஆட்டு ஆட்டினார். தட்டைப் பிடித்திருந்தவர் ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு புரிந்து, தலையைச் சாய்த்து, தட்டை அடுத்தவரிடம் கொண்டுபோனார். அடுத்தவர் கல்ஃபான். அவரும் ஆட்டினார். அடுத்தவர் ஹுமைத், அவர் ஆட்டிவிட்டு, மனது கேட்காமல் ஒரு விரல் மட்டும் தொட்டு நக்கிக்கொண்டார். அந்த வாரத்துக்குள் ஊரில் எல்லா வீட்டிலும் வெறும் கைகள் ஆடின. முந்நூறு வருஷமாக அப்படித்தான் என்பது போல, யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

பஜ்ருக்குப் பிறகு ஊரே நடக்கத் தொடங்கியது. பெண்கள் தோப்புப் பக்கம் போனார்கள், ஆண்கள் கிணற்றுப் பக்கம். பெண் பார்க்க வருகிறவர்கள் இப்போது முற்றத்துக் கன்றை எண்ணவில்லை, போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார்கள். எல்லோருக்கும் குறைந்தது என்று சொன்னால் பொய். சிலர் ஒரு வாரம் நடந்துவிட்டுக் காரில் ஏறினார்கள். முஸல்லமுக்கு ஒன்று ஒன்றாகவே நின்றது, எனக்குத் துணை வேண்டாமா என்று அவர் சொல்லிக்கொண்டார். ஆனால் கிணற்றுக்குப் போகும் வழியில் ஒரு நிழல் உண்டாயிற்று. ஊரிலிருந்து புறப்படும் இடத்தில் அடர்த்தியாக, போகப் போகக் கலைந்து, இரண்டு வருஷத்தில் இடுப்பு உயரம், நாலு வருஷத்தில் ஆள் உயரம். மேய்ச்சலுக்குப் போன ஒட்டகங்கள் அதில் நின்று போயின. கல்ஃபானின் இடது காலில் டாக்டர் நைலான் நரம்பால் தொட்டபோது, நாலு இடத்தில் இரண்டு இடம் மறுபடி தெரிந்தது. மற்ற இரண்டும் தெரியவே இல்லை. இனித் தெரியாது என்றார் டாக்டர். தெரியாத இடத்தைத் தெரியவில்லை என்று சொல்ல கல்ஃபான் கற்றுக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் வருஷம் ஒரு காலை. முந்தின நாள் காற்று அடித்து மணலெல்லாம் துடைத்துவிட்டது போல இருந்தது. கல்ஃபான் கிணறு வரை போய்த் திரும்பி வந்து, வீட்டுக்கு எதிரே மணலில் செருப்பை உதறிவிட்டு, தூசியைத் தட்டிக்கொண்டு வெறுங்காலோடு நாலடி நடந்து படியேறினார். நான் காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஸுவைனா கஹ்வாக் குடுவையோடு வாசலுக்கு வந்தார். அந்த நேரம் முஸல்லம் தடியை ஊன்றிக்கொண்டு கஹ்வாவுக்கு வந்தவர், வழக்கம்போலக் குனிந்து மணலில் கை வைத்தார். ஒரு காலடியைத் தடவினார். நகர்ந்து அடுத்ததைத் தடவினார். அங்கே கன்று இல்லை. முதல் நாளும் இல்லை, அதற்கு முதல் நாளும் இல்லை. ஆனால் அவர் தேடியது கன்று இல்லை என்று எனக்குத் தெரிந்தது. குதிகாலைத் தடவினார். விரல்கள் மணலைக் கவ்விப் பிடித்திருந்த இடத்தைத் தடவினார். மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நாசர் வந்திருக்கானா?" என்றார்.

நாசர் இறந்து இருபத்தாறு வருஷம்.

"இது நாசர் கால்" என்றார் முஸல்லம். "எனக்குத் தெரியாதா? எத்தனை நாள் இந்தக் காலுக்குப் பின்னால போயிருக்கேன். எப்ப வந்தான்? உள்ளே இருக்கானா?"

ஸுவைனா குடுவையைக் கீழே வைத்தார். "மாமா வரல, முஸல்லம்" என்றார், அந்தக் கணீர்க் குரலை எங்கேயோ விட்டுவிட்டு. "அங்க நடந்தது உங்க கல்ஃபான்."

முஸல்லம் நம்பவில்லை. மறுபடி தடவினார். கல்ஃபான் படியிலிருந்து இறங்கி வந்து, அவருக்கு எதிரே நின்று, தன் இடது காலை அந்தக் காலடியின் மேல் மெதுவாக வைத்தார். முஸல்லமின் விரல்கள் அந்தப் பாதத்தைச் சுற்றி ஒருமுறை ஊர்ந்து போய், குதிகாலில் வந்து நின்றன.

பிறகு கஹ்வா குடித்தோம். முஸல்லம் மூன்று கோப்பை குடித்துவிட்டு நாலாவதுக்கு ஆட்டினார். மதிய லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. பழக்க தோஷம், நான் எழுந்து கார்ச் சாவியை எடுத்தேன். கல்ஃபான் என்னைப் பார்த்தார். கோப்பை இல்லாத கையை இரண்டு ஆட்டு ஆட்டினார். முஸல்லமின் தோளைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பேருமாக, பள்ளிவாசலுக்கு நடந்தார்கள். ஒரு பக்கம் ஒன்று ஒன்றாகக் கன்று வந்துகொண்டிருந்தது. மறுபக்கம் வெறும் காலடி.